பதினேழாம் எண்

ஆடி மாதம் எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். பெரிய அண்டா. அடுப்பிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். அதில் ஒருவராவது இடுப்புவலி இல்லாதவராக இருந்தால் நல்லது. எனக்கு இடுப்புவலி உண்டு. அதனால் என் மச்சினன் ஷாஜியைக் கூப்பிட்டேன். நீங்கள் இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு என் பதில் இதுதான், சார். அதில் உங்களுக்குத் திருப்தியில்லை என்பதும் தெரிகிறது. கூழ் ஊற்றுவது வெள்ளிக்கிழமை. நான் ஊற்றியது புதன்கிழமை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். மட்டாஞ்சேரியில் நாங்கள் நாலு தலைமுறை. சாக்கடைக் கானை வாருவதற்காக முனிசிபாலிட்டி கொண்டுவந்த குடும்பம். தெருவில் மலையாளம், வீட்டில் இரண்டும் கலந்த ஒன்று. தமிழ் எழுத்து அப்பா சொல்லிக்கொடுத்தது. நிதானமாகச் சொல்ல வேண்டியதை நான் தமிழில்தான் எழுதுவேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.

என் பெயர் வெங்கிடாசலம். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. 'ஓதம்' என்ற மென்பொருளின் ஸ்தாபகர். ஸ்தாபகர் என்பது நானாக வைத்துக்கொண்ட பட்டமில்லை. எர்ணாகுளத்தில் கட்டற்ற மென்பொருள் நண்பர் வட்டம் கொடுத்த கேடயத்தில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. கேடயத்தில் ஒரு பெங்குவினும் உண்டு.

ஓதம் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். தெற்கே இருக்கும் அந்தச் சின்ன அழிமுகத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். காயல் கடலில் சேரும் வாய் அது. வாயில் குறுக்கே மணல்திட்டு. வேலியேற்றத்தில், அதாவது கடல்நீர் ஏறும் நேரத்தில், திட்டின்மேல் தண்ணீர் இருக்கும், வள்ளம் கடக்கலாம். இறக்கத்தில் கடந்தால் அடி தட்டும். அடி தட்டிய வள்ளத்தை அடுத்த அலை பக்கவாட்டில் பிடித்துப் புரட்டிவிடும். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை கடக்கலாம் என்பதை ஓதம் கணக்கிட்டுச் சொல்லும். தோப்பும்படி ஐஸ் கம்பெனிக்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கரையில் தொங்கவிடுவார். ஏழு வருடமாக வள்ளக்காரர்கள் கடலைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்துவந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் எழுதினேன். எழுதி, மூலத்தைத் திறந்துவிட்டேன். திறந்த மூலம் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். பார்ப்பார்கள் என்று எந்த உரிமத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏழு வருடத்தில் பார்த்தது ஒரே ஒருத்தி.

உள்ளே நானூறு வரியில் ஒரு சூத்திரம் இருந்தது. மணல்திட்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் காற்று, மழை, நிலவு, ஆற்று வரத்து எல்லாவற்றையும் வைத்துக் கண்டுபிடிக்கும் சூத்திரம். முதல் வருடம் அது திட்டின்மேல் மூன்று மீட்டர் தண்ணீர் என்றது. நான் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பார்த்தேன். இரண்டு மீட்டர்கூட இல்லை. சூத்திரத்தில் முப்பத்தொரு எண்கள். முப்பது எண்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். பதினேழாம் எண்ணை மட்டும் அசைத்தால் விடை அசையும். கழி சொன்ன விடை வரும்வரை அசைத்தேன்.

அடுத்த வருட மழைக்குத் திட்டு மாறியது. மறுபடி கழி, மறுபடி பதினேழு. வருடா வருடம் ஜூன் இரண்டாம் ஞாயிறு இந்த வேலை. மாற்றப் பதிவேட்டில் 'மாறிலிகள் சீராக்கப்பட்டன' என்று எழுதுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இதைப் பற்றி எர்ணாகுளத்தில் இரண்டு தடவை உரையாற்றியிருக்கிறேன். கழியைப் பற்றி இல்லை, சூத்திரத்தைப் பற்றி. நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் பாராட்டி மடல் அனுப்பினார். அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டினேன். மாட்டிய பிறகு கழியைப் பற்றி யாரிடமும் சொல்வது சரியாக இருக்காது. உங்கள் தொழிலிலும் இப்படிச் சில விஷயங்கள் இருக்கும்.

கழி குத்தப் போகும்போது ராசப்பன்தான் தன் சின்ன வள்ளத்தில் கூட்டிப்போவான். மீன்பிடிக்கப் போகும் பெரிய வள்ளத்துக்கும் அவன்தான் சுக்கான் பிடிப்பவன். நான் முன்னால் நின்று குத்துவேன், அவன் பின்னால் துடுப்பால் துழாவுவான். கழியில் கோடு போட்டது நான், படிக்கத் தெரிந்ததும் நான்தான். முதல் வருடம் அவன் கேட்டான்: "சேட்டா, கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுதான்னு நோக்க வந்ததா?" ஆமாம் என்றேன். அதிலிருந்து அவனுக்குக் கம்ப்யூட்டர் மீது மரியாதை கூடிப்போயிற்று. கழியை வைத்துப் பார்த்தும் ஒரு தடவைகூடத் தப்பு வராத யந்திரம் என்று கரையில் எல்லோரிடமும் சொன்னான்.

இனி மஞ்சுஷா.

அவள் தோப்பும்படிக்காரி, எங்களைப் போல் குடியேறிய தமிழ்க் குடும்பம்தான். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக லேப் உதவியாளர். 2003 முதல் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தாள். நல்ல திருத்தங்கள். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. சம்பளமில்லாத வேலையை ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்றால் அவளுக்கு வேறு ஏதோ வேண்டும். நானும் சம்பளமில்லாமல் செய்தவன்தான். எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஓதத்துக்கான மின்மடல் குழுவில் இரண்டு பேர் கிளம்பினார்கள். தயவுசெய்து பதில் போடுங்கள், தயவுசெய்து புதிய பதிப்பு விடுங்கள், பழைய பராமரிப்பாளருக்கு நேரமில்லை என்றால் தயவுசெய்து வேறு ஒருவர். இருவரும் 'தயவுசெய்து' என்றே தொடங்கினார்கள். இருவரும் மஞ்சுஷா மடல் போட்ட ஒருமணி நேரத்துக்குள் போட்டார்கள். நான் ஒரு நோட்டில் நேரங்களைக் குறித்துவைத்தேன். அந்த நோட்டும் உங்களிடம் இருக்கிறது. இரண்டும் அவளே வேறு பெயரில் எழுதுவது என்று முடிவு செய்தேன். பின்னால் விசாரித்ததில் ஒருவர் கொல்லத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மற்றவர் மங்களூரில் துறைமுகக் குமாஸ்தா. அதனால் சதி இல்லை என்று ஆகிவிடாது. சதியில் இரண்டு பேர் கூடுதல் என்றுதான் ஆகிறது.

நண்பர் வட்டத்தின் தலைவர் வெங்கிடேஸ்வரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சுதந்திரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் நிற்காமல் பேசுவார். "பிராஜெக்ட் ஒரு பெண்குட்டி மாதிரியாக்கும், வெங்கிடாசலம்," என்றார். "கட்டிக் கொடுத்தாச்சுன்னா பின்ன நாம அங்க போயி அடுக்களைய எட்டி நோக்கப்படாது."

நான் கட்டிக்கொடுக்கச் சம்மதித்தேன்.

2005 பிப்ரவரியில் டுட்டோரியல் கல்லூரி மாடியில் விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள், மின்விசிறிக் காற்றில் மூன்று தடவை அணைந்தது, விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மூல நிரலைக் குறுந்தகட்டில் போட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கைமாற்றினேன். அந்தத் தகட்டில் இருந்தது எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடியதுதான். இருந்தாலும் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை. மஞ்சுஷாவுக்கு நாற்காலி கிடைக்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கரையில் தொங்கும் தாளில் இதுவரை பெயர் கிடையாது. இனிமேல் அடியில் 'பராமரிப்பு: மஞ்சுஷா' என்று அச்சாக வேண்டும். உழைப்பவர் பெயர் தெரிய வேண்டும் என்றேன். மேலும் ஒரு கைதட்டல்.

படியிறங்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். "சார், பிரசங்கமெல்லாம் கழிஞ்சாச்சு. இனி நேரா கேக்கட்டா? எதெங்கிலும் சொல்லாம விட்டிருக்கா?"

"எல்லாம் கோப்பிலே இருக்கு, மோளே," என்றேன்.

அந்த இடத்தில் கழியைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். படிக்கட்டில் சொல்லக்கூடிய விஷயமா அது. கையில் பொன்னாடை வேறு.

ஜூன் பன்னிரண்டு, இரண்டாம் ஞாயிறு. இனிமேல் எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் கழியை எடுத்துக்கொண்டு போனேன். பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ராசப்பன் துழாவினான். குத்திப் பார்த்தேன். போன வருடத்தைவிடத் திட்டு நாற்பது சென்டிமீட்டர் ஏறியிருந்தது. இவ்வளவு எந்த வருடமும் ஏறியதில்லை. நாலு இடத்தில் குத்தினேன். நாலும் ஒன்றுதான்.

ராசப்பன் பின்னாலிருந்து கேட்டான்: "எங்ஙன உண்டு, சேட்டா? கணக்கு ஒக்குதா?"

"ஒக்குது," என்றேன்.

வீட்டுக்கு வந்து பதினேழாம் எண் என்னவாக வேண்டும் என்று பார்த்தேன். 0.62 என்று இருந்தது 0.44 ஆக வேண்டும். காலண்டர் தாளின் பின்னால் எழுதி, நார்வே பேராசிரியரின் சட்டத்துக்குப் பின்னால் செருகினேன். நீங்கள் எடுத்த தாள் அதுதான். எனக்கு எதையும் ஒளிக்கும் எண்ணம் இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். தகவல் தொலைந்துவிடக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன்.

இரண்டு நாள் கழித்து மஞ்சுஷாவின் மடல் வந்தது. எல்லா ஜூனிலும் பதினேழாம் எண்ணை மாற்றியிருக்கிறீர்கள், காரணம் புரியவில்லை, இந்த ஜூனிலும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தாள். ஏழு வருடப் பதிவேட்டை வரி வரியாகப் படித்திருக்கிறாள். என் இடத்துக்கு வந்தது போதாதென்று என் பழைய வேலையையும் கிளறுகிறாள் என்று பட்டது. நான் எழுதிய பதில் உங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டே வாக்கியம். 'வேண்டாம். சூத்திரம் பார்த்துக்கொள்ளும்.'

அன்றைக்கே இன்னொரு கடிதமும் எழுதிவைத்தேன். அனுப்பவில்லை. 'நண்பர்களின் வேண்டுகோளை ஏற்று, இக்கட்டான இந்தத் தருணத்தில் மீண்டும் பொறுப்பேற்கிறேன்' என்று தொடங்கும். அதன் தேதி ஜூன் பதினான்கு என்று கம்ப்யூட்டர் காட்டுவதையும், அப்போது இக்கட்டு எதுவும் வந்திருக்கவில்லை என்பதையும் நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். நான் எதையும் முன்கூட்டியே செய்துவைப்பவன். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

என் எண்ணம் இதுதான், சார். நாற்பது சென்டிமீட்டர் எல்லா நாளும் தொல்லை செய்யாது. பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டி நீர் மிகவும் இறங்கும் காலையில் மட்டும்தான் தாளில் இருக்கும் நேரம் பொய்க்கும். ஒரு வள்ளம் தட்டும். எஞ்சின் விசிறி உடையும். எல்லோரும் நனைவார்கள், திட்டுவார்கள், தாளின் அடியில் இருக்கும் பெயரைப் படிப்பார்கள். பழைய ஆளைக் கூப்பிடு என்பார்கள். அவ்வளவுதான். நான் வன்முறையாளன் இல்லை. எங்கள் வீட்டில் கோழிகூட மாமனார்தான் அறுப்பார்.

ஜூன் இருபத்திரண்டு பௌர்ணமி. அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. நானாகச் சொல்கிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாஜி ராசப்பனின் வள்ளத்தில்தான் போகிறான். அன்று காலை பல்வலி தாங்கவில்லை, தனியாகப் போகத் தலை சுற்றுகிறது என்று அவனை எர்ணாகுளத்துக்குத் துணைக்கு அழைத்துப்போனேன். வலி எங்கே என்று டாக்டர் கேட்டார், ஏதோ ஒன்றைக் காட்டினேன். கடல் மோசமாக இருந்ததால் அன்று எந்த வள்ளமும் இறங்கவில்லை. நல்ல பல் ஒன்று வீணாகப் போயிற்று. அடுத்த அமாவாசை வாரம் முழுக்க மழை, கடல் மூடிக் கிடந்தது.

அதற்கடுத்த பௌர்ணமி ஜூலை இருபத்தொன்று. முந்தின நாள், இருபது, புதன்கிழமை. வானம் வெளுத்துவிட்டது. பதினைந்து நாள் பட்டினி கிடந்த கரை. எல்லோரும் இறங்குவார்கள் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. ஐஸ் கம்பெனித் தாளில் காலை ஐந்து ஐம்பது முதல் ஏழு இருபது என்று போட்டிருந்தது. நேரில் போய்ப் படித்துவிட்டு வந்தேன். அச்சு தெளிவாக இருந்தது. பெயரும் தெளிவாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் என் மனைவி சுமாவிடம், நாளைக்குக் கூழ் ஊற்றலாம் என்றேன். "வெள்ளியாழ்ச்சயில்லே?" என்றாள். வெள்ளிக்கிழமை எனக்கு அலுவலகத்தில் ஆடிட் என்றேன். "அம்மன் ஆடிட் கழியறது வரைக்கும் காத்திருக்க மாட்டாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கேழ்வரகை எடுத்துக் கரைத்துவைத்தாள். ஷாஜிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் வந்து நின்றான், முகம் சரியில்லை. "பதினஞ்சு நாளைக்கப்புறம் நாளைக்குத்தான் அத்தான் கடலு தொறக்குது. அண்டா தூக்க வேற ஆளே இல்லியா மட்டாஞ்சேரியிலே?"

"குடும்பக் காரியத்துக்குக் கூலியாள் வைக்கிறதில்லை," என்றேன்.

நீங்கள் கேட்டீர்கள், நனைவார்கள் என்று மட்டும்தானே நினைத்தாய், பிறகு மச்சினனை மட்டும் எதற்கு நிறுத்தினாய் என்று. ஷாஜிக்கு நனைந்தால் இருமல் வரும். பதினோரு வருடமாகக் கடலில் தினம் நனைபவனுக்கா என்று நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய இடமில்லை அது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நெஞ்சுச் சளி.

ஆறு பத்துக்கு ராசப்பன் வள்ளத்தை வாய்க்குள் செலுத்தினான். இருபத்தெட்டுப் பேர். நாங்கள் அப்போது அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தோம். கூழ் நன்றாக வந்திருந்தது. ஏழு மணிக்குத் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். இருபத்தைந்து பேர் நீந்திக் கரையேறினார்கள். ராசப்பன் ஏறவில்லை. அஜீஷ் என்ற பையன் ஏறவில்லை. அன்றைக்கு ஷாஜிக்குப் பதிலாக ஏற்றிக்கொண்ட ஆள் என்று பிறகு சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன மாரிச்செல்வமும் ஏறவில்லை. மூன்று பேர் என்பது என் கணக்கில் இல்லை. விசிறி ஒன்று என்பதுதான் கணக்கு. ஷாஜி அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒரு செம்பு கூழ் கொடுத்தேன். குடிக்கவில்லை. அதன் பிறகு என்னோடு பேசவும் இல்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனிடம் இப்படி நடந்துகொள்கிறான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தது. கரையில் தாளைக் கிழித்தார்கள். மஞ்சுஷா வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. கல்லூரியில் அவளை இனி வர வேண்டாம் என்றார்கள். வெங்கிடேஸ்வரன் எனக்குப் போன் செய்து இக்கட்டான தருணம் என்றார். அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. கடிதம் தயாராக இருந்ததால் அன்றைக்கே அனுப்ப முடிந்தது. பொறுப்பேற்று முதல் வேலையாகப் பதினேழாம் எண்ணை 0.44 ஆக்கினேன். உடனே ஆக்கினேன், சார். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. இன்னொரு வள்ளம் போகக் கூடாதே. பதிவேட்டில் 'மாறிலிகள் சீராக்கப்பட்டன' என்று எழுதினேன்.

ஒன்பது நாள் நான் பராமரிப்பாளராக இருந்தேன்.

பத்தாம் நாள் மஞ்சுஷா வீட்டுக்கு வந்தாள். பின்னால் ராசப்பனின் பெண்டாட்டி கமலாக்ஷி, வெள்ளைத் துணியில். உட்காரச் சொன்னேன், சாயா போடச் சொன்னேன். இருவரும் நின்றார்கள். மஞ்சுஷா கையில் பதிவேட்டின் அச்சு. எட்டு மாற்றத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

"வேண்டாம்னு எனக்கு எழுதின நம்பரை, வந்த அன்னிக்கே மாத்தியிருக்கீங்க," என்றாள். "கடலுக்குப் போகாம 0.44 எங்கேருந்து கிட்டிச்சு?"

சூத்திரம் என்றேன்.

கமலாக்ஷி வாயைத் திறந்தாள். "எல்லா ஜூனுக்கும் என் ஆளு உங்களக் கூட்டீட்டுப் போவாரே. இந்த வருஷமும் போனாரே. வந்து சோறு திங்கும்போ சொன்னாரு, சேட்டன் குத்தி நோக்கியாச்சு, கணக்கு ஒக்குதுன்னு."

மஞ்சுஷா கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். சுமா அந்த மூங்கில் கழியில்தான் துணி காயப்போடுவாள். கழி முழுக்க நான் சுட்டுக் கோடிட்ட அடையாளங்கள். அதன்மேல் என் பொன்னாடை காய்ந்துகொண்டிருந்தது; கூழ் ஊற்றியபோது கறை பட்டுவிட்டது.

அவள் கழியைத் தொடக்கூட இல்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள். என்னிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம், நான் விளக்கியிருப்பேன்.

ஆக, உங்களுக்கு வேண்டிய வரி இதுதான் என்றால் எழுதித் தருகிறேன். திட்டு ஏறியது எனக்குத் தெரியும். எண் என்னிடம் இருந்தது. கேட்ட இருவரிடமும், ராசப்பனிடமும் மஞ்சுஷாவிடமும், தெரிந்தே பொய் சொன்னேன். எந்த நாளில் தட்டும் என்று தெரிந்து என் வீட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். இதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு வேறு ஒன்றில். நேற்று உங்கள் ஏட்டு ஓதத்தின் புதிய பதிப்பை அச்செடுத்துக் காட்டினார். மஞ்சுஷா மறுபடி பொறுப்பேற்றிருக்கிறாள். வாராவாரம் கரையிலிருந்து ஒருவர் கழி குத்திப் பார்த்து எண்ணைச் சொல்கிறாராம், அது அப்படியே கணக்கில் ஏறுகிறதாம். அளந்தவர் பெயர் என்ற இடத்தில் கமலாக்ஷி என்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்புச் செய்யவில்லை என்று தெரிகிறது. ஆனால் பதிவேட்டின் முதல் வரியில், 'சூத்திரம் நீக்கப்பட்டது. பயனில்லை' என்று போட்டிருக்கிறாள். நார்வேக்காரரும் அதைப் படிப்பார்.

அந்த நானூறு வரியை எடுத்திருக்க வேண்டாம், சார். அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.